வி.இ.ஜி.எஃப் 165: கொழும்பில் குருதிக்கலன் ஆய்வு தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் கலவளர்ப்பு ஆய்வில் கால்வைக்கும் தமிழ் மாணவர்கள் வி.இ.ஜி.எஃப் (குருதிக்கலன் அகவணி வளர்ச்சிக் காரணி) என்ற புரதத்தைப் பற்றி என்னிடம் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம். அவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். ஆய்வுகூடத்துக்கு வெளியே இருப்பவர்கள் கேட்ட சிலவும் இடையில் உண்டு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "வி.இ.ஜி.எஃப் வேலை செய்யவில்லை" என்று கைவிடப்படும் பரிசோதனைகளில் பெரும்பாலும் குற்றம் குப்பிக்குள் இருப்பதில்லை. வளர்ப்பூடகத்திலும், ஒப்பிட்டுப் பார்க்கப் போடாமல் விட்ட கட்டுப்பாட்டுக் கிண்ணங்களிலும்தான் அதைத் தேடவேண்டும்.

இது என்ன புரதம்?

புதிய குருதிக்கலன்கள் முளைக்கவேண்டும் என்று உடலுக்குள் ஆணையிடும் புரதம். குருதிக்கலனின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் அகவணிக் கலங்களே இதன் இலக்கு. அக்கலங்களைப் பெருகச் செய்கிறது, நகரச் செய்கிறது, சாகாமல் காக்கிறது, கலன் சுவரைக் கசியவும் வைக்கிறது. இதற்கான பரம்பரையலகு மனிதரின் 6ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

ஓர் இழையத்துக்கு ஒட்சிசன் போதாதபோது, சாதாரண வேளைகளில் உடனுக்குடன் அழிக்கப்பட்டுவிடும் ஹிஃப் என்ற புரதம் அழியாமல் தங்கிவிடுகிறது. அது கருவுக்குள் சென்று வி.இ.ஜி.எஃப் பரம்பரையலகைத் தூண்ட, குருதி வேண்டும் என்ற செய்தி வெளியே போகிறது. கலங்கள் ஒட்சிசனை இவ்வாறு உணரும் வழியை விளக்கியதற்காகத்தான் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புரதத்தின் அளவு எவ்வளவு நுட்பமாகக் காக்கப்படுகிறது என்பதற்கு 1996இல் வெளிவந்த எலி ஆய்வுகள் சாட்சி. தாய்வழி, தந்தைவழி என்று வரும் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாலே எலிக்கரு 11, 12ஆம் நாளளவில் இறந்துபோகிறது. ஒற்றைப் பிரதி குறைந்ததற்கே இந்த விளைவைத் தரும் பரம்பரையலகுகள் மிகச் சில.

பழைய கட்டுரைகளில் வேறு பெயர் இருக்கிறதே?

இருக்கும். 1983இல் செங்கரும் டுவோராக்கும் புற்றுக்கட்டிகள் சுரக்கும் ஒரு பொருள் குருதிக்கலன்களைக் கசிய வைப்பதைக் கண்டு, அதற்குக் கலன் ஊடுபுகவிடும் காரணி என்று பெயரிட்டார்கள். 1989இல் நெப்போலியோனே ஃபெராரா மாட்டின் கபச்சுரப்பிக் கலங்களிலிருந்து அகவணிக் கலங்களைப் பெருக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். பரம்பரையலகுகளை வாசித்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே புரதம் என்று தெரிந்தது. கட்டிகள் வளர்வதற்குப் புதிய குருதிக்கலன்கள் தேவை, அதைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்று ஜூடா ஃபோக்மன் 1971இலேயே எழுதியிருந்தார். அன்று அதை நம்பியவர்கள் குறைவு.

121, 165, 189 என்று எண்கள் வருகின்றனவே, எதை வாங்குவது?

காரணம் எதுவும் இல்லாவிட்டால் 165ஐ வாங்குங்கள். காரணம் இருந்தால் கீழே உள்ளதையும் படியுங்கள்.

ஒரே பரம்பரையலகிலிருந்து வரும் செய்தி ஆர்.என்.ஏ வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டப்படுவதால் நீளம் மாறுபட்ட வடிவங்கள் உண்டாகின்றன. எண், ஒரு சங்கிலியில் உள்ள அமினோ அமிலங்களின் தொகை. 121க்கு ஹெப்பாரின் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றிக்கொள்ளும் பகுதி இல்லை, ஆகவே கலத்தை விட்டுத் தாராளமாகப் பரவிப் போய்விடும். 189 கலத்தின் மேற்பரப்பிலும், கலங்களைச் சூழ்ந்த வலையான தாயத்திலும் ஒட்டிக்கொண்டு எளிதில் நகராது. 165 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: ஒரு பங்கு கரைந்து பரவும், ஒரு பங்கு ஒட்டி நிற்கும். நியூரோபிலின் 1 என்ற துணை வாங்கியுடன் (வாங்கி என்பது கலத்தின் மேற்பரப்பில் செய்தியைப் பெற்றுக்கொள்ளும் புரதம்) சேர்ந்து முதன்மை வாங்கியான வி.இ.ஜி.எஃப்.ஆர் 2ஐ வலுவாகத் தூண்டுவதும் இதுவே.

கரைசல் நிலையில் கலங்களைப் பெருக்கிப் பார்ப்பதுதான் உங்கள் வேலை என்றால் 165 போதும். புரதம் ஒரு ஜெல்லுக்குள் எப்படிப் பரவுகிறது என்பதே உங்கள் கேள்வி என்றால் 121ஐயும் 165ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எதுவும் எழுத முடியாது. எலிக் கலங்களில் வேலை செய்வோர் கவனிக்க: எலியின் வடிவத்தில் ஓர் அமினோ அமிலம் குறைவு, அதனால் பட்டியலில் அது 164 என்று இருக்கும். மனிதப் புரதம் எலிக் கலங்களிலும் வேலை செய்கிறது.

மீள்சேர்க்கைப் புரதம் என்றால் மனித உடலிலிருந்து எடுத்ததா?

இல்லை. மனிதப் பரம்பரையலகின் வரிசையை வேறோர் உயிரின் கலத்துக்குள் செலுத்தி, அந்தக் கலத்தைக் கொண்டே செய்வித்த புரதம். அந்தக் கலம் ஈ.கோலை பற்றீரியாவாக இருக்கலாம், பூச்சிக் கலமாக இருக்கலாம், மனிதச் சிறுநீரகக் கலமாகவோ சீன வெள்ளெலியின் சூலகக் கலமாகவோ இருக்கலாம்.

இந்தப் புரதம் இரட்டை உரு. இரண்டு சங்கிலிகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் கிடந்து, இருசல்பைட்டுப் பிணைப்புகளால் கட்டுண்டால்தான் வாங்கியைப் பிடிக்கும். பற்றீரியாவின் உள்ளே அந்தப் பிணைப்புகள் சரிவர அமைவதில்லை. புரதம் மடியாத திரளாக உறைந்து நிற்கும். அதைப் பிரித்துக் கரைத்து, மெல்ல மெல்ல மறுபடி மடிய வைத்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். இன்னொரு வேறுபாடு, பற்றீரியா இந்தப் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலியைச் சேர்க்காது. விலங்குக் கலம் 75ஆம் இடத்திலுள்ள அஸ்பரஜீனில் சேர்க்கும். ஆகவே பற்றீரியாவில் செய்தது சுமார் 38 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு), விலங்குக் கலத்தில் செய்தது அதைவிடச் சற்று அதிகம்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: பெருக்கம், நகர்ச்சி போன்ற சாதாரண அளவீடுகளுக்குப் பற்றீரியாவில் செய்தது நன்றாகவே போதும், விலையும் பொதுவாகக் குறைவு. எண்டோடொக்சின் பற்றிய அடுத்த கேள்வியை மட்டும் படித்துவிட்டு வாங்குங்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது 19 கிலோடால்டனில்தான் கோடு விழுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று பதறவேண்டாம். மெர்கப்டோஎதனோல் சேர்த்து ஓட்டியிருப்பீர்கள். அது பிணைப்புகளை உடைத்து இரட்டை உருவை ஒற்றைச் சங்கிலிகளாக்கிவிடும். சேர்க்காமல் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

எண்டோடொக்சின் அளவை ஏன் பார்க்கவேண்டும்?

எண்டோடொக்சின் என்பது ஈ.கோலை போன்ற பற்றீரியாக்களின் வெளிச்சவ்வில் இருக்கும் கொழுப்புச் சர்க்கரைப் பொருள். அகவணிக் கலங்கள் அதற்கு மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டுபவை. அழற்சி காட்டும், கசியும், வெண்குழியங்கள் ஒட்டும். நீங்கள் வி.இ.ஜி.எஃப்பின் விளைவு என்று எழுதப்போகும் கசிவு உண்மையில் எண்டோடொக்சினின் வேலையாக இருந்துவிடலாம். குப்பியோடு வரும் பகுப்பாய்வுச் சான்றிதழில் மைக்ரோகிராம் புரதத்துக்கு எத்தனை எண்டோடொக்சின் அலகு என்று இருக்கும். 1 அலகுக்குக் கீழே என்பது பலரும் ஏற்பது. கசிவையோ அழற்சியையோ அளப்பவர்கள் 0.1க்குக் கீழே உள்ளதைத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் புரதத்தைக் கொதிக்கவைத்து ஒரு கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். கொதித்தால் புரதம் கெடும், எண்டோடொக்சின் கெடாது. கொதித்த பின்னும் விளைவு நின்றால் விடை கிடைத்துவிட்டது.

கொழும்புக்கு வருவிக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

நாட்காட்டியை. உறைநிலையில் உலர்த்திய தூளாக வருவதால் பயணத்தில் சில நாள் குளிர் குறைந்தாலும் பொதுவாக அது தாங்கும். ஆனால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்திறங்கி, திங்கட்கிழமை போயா (முழுமதி நாள்) விடுமுறையாக அமைந்துவிட்டால் பொதி மூன்று நாள் ஒரு களஞ்சியத்தில் கிடக்கும். சித்திரைப் புத்தாண்டு, வெசாக் வாரங்களைத் தவிர்த்து, வாரத்தின் முதல் பாதியில் வந்துசேரும்படி கேளுங்கள். ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற குறிப்பும் புரதத்தின் முழுப்பெயரும் விலைப்பட்டியலில் தெளிவாக இருக்கட்டும். மருந்து என்று தோன்றும்படி எழுதியிருந்தால் சுங்கத்தில் அதற்குரிய கேள்விகள் எழும். பல்கலைக்கழகத்தின் கடிதத்தைப் பொதி வருமுன்பே முகவரிடம் கொடுத்துவைப்பது நல்லது.

விலை டொலரில்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அந்த ஆண்டு ஆய்வு நிதியை ரூபாயில் வைத்திருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரு பெரிய குப்பிக்குப் பதிலாக 10 மைக்ரோகிராம் குப்பிகளாக வாங்கும் பழக்கத்தை நான் ஆதரிப்பதற்கு விலை ஒரு காரணம், மின்சாரம் இன்னொரு காரணம்.

எப்படிக் கரைப்பது? கணக்கைச் சொல்லுங்கள்.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் திறக்காதீர்கள். கொழும்பின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் உடனே நீராகப் படியும், தூள் அதை உறிஞ்சிக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வரவிட்டு, மையநீக்கியில் சில விநாடி சுழற்றிவிட்டுத் திறவுங்கள். தூள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மூடியிலும் ஒட்டியிருக்கும். குப்பி வெறுமையாக வந்தது என்று முறைப்பாடு எழுதியவர்களை நான் அறிவேன்.

10 மைக்ரோகிராம் குப்பிக்கு, தயாரிப்பாளரின் தாள் வேறு எதையும் சொல்லாவிட்டால், 100 மைக்ரோலீற்றர் கிருமியழித்த நீரை விடுங்கள். செறிவு மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் ஆகும். பிப்பெட்டால் சுவரைக் கழுவிவிட்டுச் சில நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அதிர்வுக் கருவியில் வைத்துக் கலக்கவேண்டாம், நுரை எழும்பினால் புரதம் கெடும். பின்னர் 5 மைக்ரோலீற்றர் வீதம் 20 சிறு குழாய்களில் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் 500 நனோகிராம் இருக்கும். மில்லிலீற்றருக்கு 20 நனோகிராம் என்ற வழக்கமான செறிவில், ஒரு குழாய் 25 மில்லிலீற்றர் ஊடகத்துக்குக் காணும்.

நீர்த்த நிலையில் இந்தப் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். மேலும் நீர்க்கச் செய்யும்போது 0.1 வீத மாட்டு அல்புமின் கலந்த கரைசலைப் பயன்படுத்துவது அதற்காகத்தான். ஆனால் புரதத்துக்குச் சாயம் பூட்டுவதோ, தட்டின் அடியில் படியவைப்பதோ உங்கள் நோக்கமென்றால் அல்புமின் கலக்காத குப்பியைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சாயம் அல்புமினில் ஏறும்.

மின்வெட்டு வந்தால் எல்லாம் போய்விடுமா?

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்காத ஆய்வுகூடம் இல்லை. தூளாக இருந்தால் கவலைப்படவேண்டாம். கரைத்து உறையவைத்ததுதான் இக்கட்டு: ஒருமுறை உருகி மறுபடி உறைவது ஒவ்வொரு தடவையும் செயற்பாட்டைக் குறைக்கும். அல்புமின் கலந்த கரைசல் 4 பாகை செல்சியஸில் சில நாள் தாங்கும். ஆகவே உருகிவிட்ட குழாயை மீண்டும் உறையவைக்காமல், சாதாரணக் குளிர்ப்பெட்டியில் வைத்து அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். தேவைப்படும்போது தேவையான குப்பியை மட்டும் கரைப்பதே இந்த ஊருக்கு ஏற்ற வழி.

எந்தக் கலங்களில் சோதிப்பது?

தொப்புள்கொடி நாளத்தின் அகவணிக் கலங்கள். உலகெங்கும் ஹூவெக் என்று அழைக்கப்படுபவை. 1973இல் ஜாஃபே குழுவினர் கொலாஜினேஸ் நொதியத்தை நாளத்துக்குள் விட்டு இவற்றைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார்கள், இன்றும் ஏறத்தாழ அதே முறைதான். மகப்பேற்று வைத்தியசாலைகள் உள்ள ஊரில் தொப்புள்கொடிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எப்படியும் வீசப்போகும் கொடிதானே என்று எடுத்துவர முடியாது. ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும், தாயின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சம்மதப் படிவம் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். பிரசவ வலியின் நடுவில் நீட்டும் படிவத்தைச் சம்மதம் என்று நான் ஏற்பதில்லை, முன்கூட்டியே கிளினிக்கில் பேசுங்கள்.

கலங்கள் வயதாகும். ஐந்தாறு தடவை பிரித்து வளர்த்ததற்கு மேற்பட்ட ஹூவெக்கை இந்தப் புரதத்துக்குச் சோதிக்காதீர்கள். வாங்கிகள் குறைந்துபோயிருக்கும், எதிர்வினை மங்கிவிடும்.

புரதம் போட்ட கிண்ணமும் போடாத கிண்ணமும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஏன்?

இதுதான் அடிக்கடி வரும் கேள்வி, இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

முதலில் ஊடகத்தின் போத்தலை எடுத்து, கூடவே வந்த சேர்மானங்களின் பட்டியலைப் படியுங்கள். அகவணிக் கலங்களுக்கென்று விற்கப்படும் முழுமையான ஊடகங்கள் பலவற்றில் வி.இ.ஜி.எஃப் ஏற்கெனவே கலந்திருக்கும். கூடவே நார்க்கல வளர்ச்சிக் காரணி, மேலணி வளர்ச்சிக் காரணி, இன்சுலின் போன்ற காரணி, ஹெப்பாரின் எல்லாம் இருக்கும். விருந்து முடித்து வந்தவருக்கு மேலும் ஒரு கவளம் ஊட்டி, பசி அடங்கியதா என்று கேட்பது போன்றது நீங்கள் செய்தது. கட்டுப்பாட்டுக் கிண்ணத்தில் இருக்கும் கலங்களும் ஏற்கெனவே உச்சத்தில் வளர்கின்றன.

ஆகவே அளவீட்டுக்கு முன் காரணிகள் இல்லாத அடிப்படை ஊடகத்தில், 0.5 முதல் 2 வீத சீரத்தோடு, சில மணித்தியாலமோ ஓர் இரவோ கலங்களை வைத்திருங்கள். பின்னர் ஒரே செறிவில் அல்ல, மில்லிலீற்றருக்கு 0, 1, 3, 10, 30, 100 நனோகிராம் என்று படிப்படியாகப் போடுங்கள். நல்ல புரதமும் நல்ல கலங்களும் இருந்தால் உச்ச விளைவின் அரைப்பங்கு பெரும்பாலும் 1 முதல் 6 நனோகிராமுக்குள் விழும். சான்றிதழில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே ஆய்வறிக்கைக்கு எடுத்தெழுதுவோர் இருக்கிறார்கள். அந்த எண் அவர்களுடைய கலங்களில் கிடைத்தது. உங்கள் கலங்களின் வளைவை நீங்கள்தான் வரையவேண்டும்.

குறைந்தது மூன்று கட்டுப்பாடுகள் தேவை: எதுவும் போடாதது, அல்புமின் கரைசலை மட்டும் போட்டது, வி.இ.ஜி.எஃப்பை முடக்கும் பிறபொருளெதிரியோடு சேர்த்துப் போட்டது. மூன்றாவதில் விளைவு மறையவேண்டும். மறையாவிட்டால் நீங்கள் பார்ப்பது வி.இ.ஜி.எஃப் அல்ல.

இவ்வளவும் செய்தபின்னும் பெருக்கம் தெரியவில்லையென்றால், மூன்று நாள் காத்திருக்கும் அளவீட்டை விட்டு ஐந்து நிமிட அளவீட்டுக்குப் போங்கள். புரதம் பட்டதும் 5 முதல் 10 நிமிடத்துக்குள் வி.இ.ஜி.எஃப்.ஆர் 2 வாங்கியின் 1175ஆம் தைரோசினில் பொசுபேற்று ஏறும், புரதங்களைப் பிரித்துப் பிறபொருளெதிரியால் காணும் வெஸ்டர்ன் பிளொட்டில் அது தெரியும். அது தெரிந்தால் புரதம் நலமாக இருக்கிறது, கோளாறு அதற்குப் பிந்திய படிகளில். தெரியாவிட்டால் குப்பியையும் கலங்களையும் தனித்தனியே சந்தேகியுங்கள்.

குழாய் உருவாக்கச் சோதனையும் முட்டைச் சோதனையும்?

எலிக் கட்டியிலிருந்து எடுக்கும் அடித்தள ஜெல்லின்மேல் ஹூவெக்கைத் தூவினால் 4 முதல் 18 மணித்தியாலத்துக்குள் வலைபோல் கோத்துக்கொள்ளும். படம் அழகாக இருக்கும். ஆனால் அந்த ஜெல்லிலேயே வளர்ச்சிக் காரணிகள் உண்டு, வி.இ.ஜி.எஃப் போடாமலும் வலை வரும். காரணிகள் குறைக்கப்பட்ட ஜெல்லைத்தான் வாங்கவேண்டும். படத்தை மட்டும் காட்டி முடிவெழுதிய கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

கருக்கட்டிய கோழிமுட்டை செலவு குறைந்தது, உயிருள்ள குருதிக்கலனையே காட்டுவது. குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வாங்கவேண்டும், கடை முட்டையில் கரு இராது. சுமார் 37.5 பாகையில் அடைவைத்து, ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, எட்டாம் பத்தாம் நாளளவில் சவ்வின்மேல் புரதத்தை வைத்துப் பார்க்கலாம்.

உள்ளூர் மூலிகைச் சாறு குருதிக்கலன் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். யோசனை சொல்லுங்கள்.

இங்கே ஆண்டுதோறும் விரும்பி எடுக்கப்படும் தலைப்பு. மூன்று பொறிகள் உண்டு. சாறு கலங்களைக் கொன்றாலும் வளர்ச்சி நின்றது போலவே தோன்றும், எனவே கொல்லாத செறிவை முதலில் காணுங்கள். உயிருள்ள கலங்களை அளக்கப் பயன்படும் எம்.டி.டி சாயத்தைப் பல சாறுகள் கலங்களின் துணையில்லாமலே ஊதாவாக்கும், ஆகவே கலமில்லாத கிண்ணம் ஒன்று கட்டாயம். துவர்ப்புள்ள சாறுகளில் தனின் இருக்கும், அது வி.இ.ஜி.எஃப் புரதத்தையே பிடித்து வீழ்படிவாக்கலாம். வாங்கியைத் தடுத்தது சாறா, கிண்ணத்துக்குள்ளேயே புரதத்தைச் சிதைத்ததா என்று பிரித்தறிய, கலங்களுக்குச் சாறைக் கொடுத்துக் கழுவியபின் புரதத்தைக் கொடுத்தும் பாருங்கள். கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ 0.1 வீதத்தைத் தாண்டவேண்டாம்.

என் தாயாருக்குக் கண் வைத்தியசாலையில் போடும் ஊசி இதுதானா?

இல்லை, இதற்கு நேர் எதிரானது. நீரிழிவாலோ முதுமையாலோ விழித்திரையில் வி.இ.ஜி.எஃப் மிகும்போது, கலன்கள் கசிந்தும் தாறுமாறாக முளைத்தும் பார்வையைக் கெடுக்கின்றன. கண்ணுக்குள் போடும் ரனிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட், பெவசிசுமாப் ஆகியவை அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்குபவை. பெவசிசுமாப் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. விலை குறைவு என்பதால் பல நாடுகளில் கண்ணுக்கும் பயன்படுத்துகிறார்கள். எத்தனை ஊசி, எந்த இடைவெளி என்பதைக் கண் வைத்தியரிடமே கேளுங்கள். இடையில் நிறுத்திவிடவேண்டாம்.

அடைபட்ட இதயத்துக்கு இதைக் கொடுத்தால் புதுக் கலன் முளைக்காதா?

முளைக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மார்பு நெரிவு உள்ள 178 பேரிடம் இதே மீள்சேர்க்கைப் புரதத்தை ஏற்றிப் பார்த்த விவா ஆய்வின் முடிவு 2003இல் வெளியானது. 60ஆம் நாளில் புரதம் பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் உடற்பயிற்சித் தாங்குதிறனில் வேறுபாடு இல்லை. வெற்று மருந்து பெற்றவர்களும் தேறியிருந்தார்கள் என்பது அதில் எனக்குப் பிடித்த பாடம். குருதியில் ஏற்றிய புரதம் விரைவில் மறைந்துவிடுகிறது. வி.இ.ஜி.எஃப் மட்டும் தனித்து எழுப்பும் கலன்கள் முதிராமல், கசியும் தன்மையோடு இருப்பதும் ஒரு தடை.

முகத்துக்கும் முடிக்கும் பூசலாமா?

ஆய்வுக் குப்பியை உடலில் பூசவோ ஏற்றவோ கூடாது. அது மனிதருக்கான தரத்தில் தயாரிக்கப்பட்டதோ சோதிக்கப்பட்டதோ அல்ல. இலங்கையில் மருந்துகளுக்கு அனுமதி தருவது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. யாராவது இதை விற்க வந்தால் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

மிஞ்சிய குழாய்களைப் பக்கத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. பொரளையிலிருந்து ஹோமாகமவுக்கு என்றாலும் உலர்பனியில் வைத்து அனுப்புங்கள், வெறும் பனிக்கட்டியில் வழியிலேயே உருகிவிடும். குழாயின் மேல் தொகுதி இலக்கம், செறிவு, கரைத்த திகதி, அல்புமின் உண்டா இல்லையா, எத்தனை முறை உருகியது என்ற ஐந்தையும் எழுதுங்கள். சாதாரண மைக்குச்சி எதனோல் பட்டதும் அழிந்துவிடும், பென்சிலால் எழுதிய ஒட்டுத்தாள் நிற்கும்.